மூணுநாலு பாயம்மா

மூன்று. ஒரு பொத்தான். நான்கு. சமக்குறி. கண்ணாடியில் ஐந்து என்று விழுந்ததும் பீபி ஜான் தலையாட்டிவிடுவதில்லை. ஐந்து யாருக்கும் வரும் என்பது அவள் கட்சி. இன்னொரு பொத்தானை அமுக்குகிறாள். ஐம்பத்து மூன்று புள்ளி ஒன்று மூன்று என்று வந்த பிறகுதான் கால்குலேட்டரை உறைக்குள் திணித்துத் திரைக்கு வெளியே நீட்டுகிறாள். நீட்டுகிறாளே தவிர, விடுவதில்லை. வெளியே நிற்பவர் ஒரு முனையைப் பிடித்திருக்க, மறுமுனையை இவள் பிடித்துக்கொண்டே பேசுகிறாள்.

"பாத்தியா? மூணு நாலு போட்டா அஞ்சு, ஐம்பத்திமூணு. திரும்பி வரும்போதும் இதான் வரணும். கம்மியா வந்தாலும் உடமாட்டேன், ஜாஸ்தியா வந்தாலும் உடமாட்டேன்."

திருவண்ணாமலையில் பரீட்சை நாட்களில் கால்குலேட்டர் வாடகைக்கு விடுகிறவள் இவள் ஒருத்திதான். சின்னக்கடைத் தெருவுக்குப் பின்னால் பள்ளிவாசல் சந்தில் வீடு. டிப்ளமோ படிக்கிறவர்கள், இயற்பியல் படிக்கிறவர்கள், தேறாமல் போன பாடங்களை மீண்டும் எழுத வருகிற வேலைக்காரர்கள் என்று ஏப்ரலிலும் நவம்பரிலும் வாசல் பெஞ்சு நிறைந்துவிடும். எல்லாருக்கும் இவள் 'மூணுநாலு பாயம்மா'. அந்தப் பெயர் தனக்குத் தெரியாது என்று அவள் நடித்துக்கொண்டிருக்கிறாள்.

கணவர் அன்வர் பாஷா சவுதியில் தம்மாமில் எலக்ட்ரீசியன். வருஷத்துக்கு ஒன்றாக, ஊருக்கு வருகிறவர்களின் கையில் மூன்று ஜப்பான் கால்குலேட்டர்களைக் கொடுத்தனுப்பினார். ஊரில் படிக்கிற பிள்ளைகள் தேடுகிற பொருள், வாடகைக்கு விட்டால் வீட்டுச் செலவுக்கு ஆகும் என்பது அவர் யோசனை. முதல் பொட்டலத்தைப் பிரித்தபோது பீபி ஜானுக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. "ஊர்ல எல்லார் புருஷனும் வளையல் அனுப்பறாங்க. என் வூட்டுக்காரரு வாய்ப்பாடு அனுப்பியிருக்காரு" என்று அண்டை அயலாரிடம் சொல்லித் தீர்த்தாள்.

கூடவே ஒரு கேசட் வந்திருந்தது. கடிதம் எழுதச் சோம்பல்படுகிற மனிதர், எதையும் பேசித்தான் அனுப்புவார். அதில் வீட்டு விசாரிப்பெல்லாம் முடிந்த பிறகு அன்வர் பாஷா பொறுமையாகச் சொல்லியிருந்தார்: "ஒரு எடத்துக்கு ரெண்டு மாதிரி வழி சொல்லலாம் பீபி. கெழக்கால மூணு கடை தாண்டி, அப்பறம் வடக்கால நாலு கடை போன்னு சொல்லலாம். இல்லேன்னா, இந்தக் கோணத்துல திரும்பி நேரா அஞ்சு கடை தூரம் போன்னு சொல்லலாம். எடம் ஒண்ணுதான். கரண்டுக் கணக்குல கூட்டறதுக்கு மொத வழி, பெருக்கறதுக்கு ரெண்டாவது வழி. இந்த மிசினு ஒண்ணை இன்னொண்ணா மாத்திக் குடுக்கும். மூணு நாலு போட்டுப் பாரு, சரியா வேலை செய்யுதான்னு தெரிஞ்சிடும். மேல இருக்கற சுவிட்சை மட்டும் தொடாதே."

பீபி ஜான் மூன்று முறை கேட்டுவிட்டு, பதில் கேசட்டில் ஒரு சந்தேகத்தைப் பதிவு செய்து அனுப்பினாள்: "நேரா போனா நடுவுல வூடுங்க இருக்காதா?"

சந்தேகம் அவளுக்கு மூக்குப் பொடி மாதிரி. பால்காரர் எதிரிலேயே விரலை விட்டு எடுத்து, சொட்டு எப்படி விழுகிறது என்று பார்ப்பாள். ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் இருக்கும் மட்டத்தைக் கரிக்கோடு போட்டு வைத்திருக்கிறாள், வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லாதபோதும். ஆசிரமத்துப் பக்கம் வேட்டி கட்டிக்கொண்டு திரிகிற வெள்ளைக்காரர்களைப் பற்றிக் கேட்டால், "அவ்ளோ தூரத்துலேர்ந்து சும்மா கண்ண மூடிக்கினு ஒக்காரவா வருவான்?" என்று நம்மையே திருப்பிக் கேட்பாள். ரேடியோவில் மழை என்றால் துணியைக் காயப்போடுவாள்.

வாசலில் பச்சைத் திரை தொங்குகிறது. தரைக்கு ஒரு சாண் மேலேயே அது நின்றுவிடும். வருகிறவர்களின் முகத்தை அவள் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்ப்பாள். "மூஞ்சியைத் தொடச்சிக்கினு வந்துடுவான். கால்ல இருக்கற புழுதியை எங்க போயி ஒளிப்பான்?" என்பாள். செருப்பைக் கழற்றும் விதம், கட்டைவிரல் அடங்கி இருக்கிறதா என்பதையெல்லாம் வைத்து ஆளை எடைபோட்டு, அதன்பிறகு அடகுப் பொருள் கேட்பாள். அதற்கும் அவளிடம் ஒரு விதி உண்டு. "எது இல்லாம வூட்டுக்குப் போனா உங்கம்மா திட்டுவாங்களோ, அதைக் குடு." கைக்கடிகாரம், எவர்சில்வர் டிபன் கேரியர், கம்பளிச் சட்டை என்று வரும். அம்மாவின் பெயரையும் ஊரையும் கேட்டு மனதில் வாங்கிக்கொள்வாள். அப்பா பெயரைச் சொல்லி ஊரை ஏமாற்றலாம், அம்மா பெயரைச் சொல்லும்போது பொய் சொல்ல நாக்கு கூசும் என்பது அவள் கணக்கு.

போன ஏப்ரலில் நடந்ததைச் சொல்லாவிட்டால் இந்தச் சித்திரம் முழுமையாகாது.

பரசுராமன் அடி அண்ணாமலைக்காரன். இருபத்தாறு வயது. செங்கம் சாலையில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடையில் வேலை. எலக்ட்ரிகல் டிப்ளமோவில் இரண்டு பாடங்கள் மட்டும் அவனை விட மாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தன. பழைய பாடத்திட்டத்துக்கு அதுதான் கடைசித் தேர்வு. இந்தமுறை தவறவிட்டால் மூன்று வருஷப் படிப்பும் இல்லை என்று ஆகிவிடும். முதல் நாள் கணக்குத் தாள், மறுநாள் சர்க்யூட் தாள். இரண்டிலும் கலப்பெண்கள் வரும். செவ்வக வடிவத்தில் கொடுத்ததைக் கோண வடிவத்துக்கு மாற்று, பெருக்கு, வகு, மறுபடி செவ்வகத்துக்குக் கொண்டுவந்து கூட்டு என்று பக்கம் பக்கமாக ஓடும். லாக் டேபிளை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரத்தில் முடிகிற காரியமில்லை.

அடகாக அவன் கொண்டுவந்தது சைக்கிள். அம்மா காசியம்மாள் விடியற்காலையில் மோர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு போவதும் அதில்தான். பீபி ஜான் அதை நடையில் ஏற்றிப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவன் கண்ணெதிரிலேயே மூன்று, நாலு போட்டாள். ஐந்து. ஐம்பத்து மூன்று. அன்றைக்குப் புதிதாக ஒரு உறையும் வைத்திருந்தாள். மூன்றாவது கால்குலேட்டருக்காக அவளே தைத்தது. யாரும் பின்பக்கத் திருகைக் கழற்றி உள்ளே இருப்பதை மாற்றிவிடக் கூடாது என்று இறுக்கித் தைத்து, வாயில் எலாஸ்டிக் வைத்திருந்தாள். அதற்குள் கால்குலேட்டரைத் திணித்து, வழக்கமான எச்சரிக்கையையும் சொல்லி நீட்டினாள்.

ஒன்றரை மணிக்கு அவன் திரும்பி வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது. பிற்பகல் தேர்வுக்குப் போகிற சந்திரகலாவும் இன்னும் இரண்டு பேரும் பெஞ்சில் காத்திருந்தார்கள். பீபி ஜான் உறையின் வாயை இரண்டு விரலால் விரித்து, கால்குலேட்டரை வெளியே எடுத்து, மூன்று, நாலு போட்டாள். ஐந்து வந்தது. அடுத்த பொத்தானை அமுக்கினாள்.

பூஜ்யம் புள்ளி ஒன்பது இரண்டு ஏழு.

திரை விலகியது. ஆண்கள் எதிரில் வராத பீபி ஜான் வாசற்படிக்கே வந்துவிட்டாள். "இன்னா இது? என் ஐம்பத்திமூணு எங்க?"

பரசுராமன் எட்டிப் பார்த்தான். "திரும்பவும் ரேடியனுக்குப் போயிருக்கு பாயம்மா. உள்ளயும் இப்படித்தான் இருந்துச்சு. மொதக் கணக்கு பூரா தப்பாப் போட்டுட்டேன். ரெண்டாவதுலதான் பாத்தேன், மாத்திக்கினேன். மிசினு கெடல. கோணம் அதே கோணம்தான். டிகிரில சொன்னா ஐம்பத்திமூணு, ரேடியன்ல சொன்னா இது. கிலோவுல சொல்றதும் வீசைல சொல்றதும் மாதிரி."

"வீசைல சொல்றவன்தான் ஏமாத்துவான்" என்றாள் பீபி ஜான்.

சொல்லிவிட்டு அவள் எதிர்த்திசைச் சோதனைக்குப் போனாள். ஐந்தையும் ஐம்பத்து மூன்று புள்ளி ஒன்று மூன்றையும் கொடுத்தால் மூன்றும் நாலும் திரும்பி வரவேண்டும். வந்தது நாலு புள்ளி எட்டு, அதுவும் முன்னால் கழித்தல் குறியோடு. அவள் கால்குலேட்டரைப் பெஞ்சில் இருந்தவர்களிடம் தூக்கிக் காட்டினாள். "மைனஸ் வேற வருது பாருங்க! உள்ள இருந்ததை உருவிக்கினு எதையோ வெச்சிட்டான்."

பரசுராமன் பொறுமையிழந்து கையை நீட்டி, நகத்தால் மேலே இருந்த சின்னச் சுவிட்சை நகர்த்தினான். "இப்ப போடுங்க." ஐம்பத்து மூன்று வந்தது.

அத்துடன் விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அன்வர் பாஷா தொடாதே என்று சொன்ன சுவிட்சு அது. அதை அவள் வருஷக்கணக்காகத் தொட்டதில்லை, தொடவிட்டதும் இல்லை. இவன் கண்ணை மூடிக்கொண்டு நேராக அங்கே போகிறான்.

"பாத்தீங்களா! எங்க தொட்டா சரியாவும்னு இவனுக்குத் தெரியுது. எங்க தொட்டாக் கெடும்னு தெரியாதா?"

"நீங்க குடுக்கும்போதே இப்படி இருந்திருக்கும் பாயம்மா."

"உன் கண்ணு முன்னாடி ஐம்பத்திமூணு வந்துச்சா இல்லியா?"

"வந்துச்சு."

"அப்பறம்?"

அவன் வாய் திறப்பதற்குள் அவள் சந்து முழுக்கக் கேட்கும்படி அறிவித்தாள். கைவைத்தவன் இவன், இனி இவனுக்கு மிசின் கிடையாது, மெக்கானிக் பார்த்துச் சொல்லும் வரை சைக்கிளும் இங்கேதான் கிடக்கும், திருட்டுக்கைக்கு யாரும் எதையும் கொடுக்காதீர்கள். சந்திரகலா தன் கைப்பையைப் பரசுராமன் இருந்த பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டாள். அவன் அதைப் பார்த்துவிட்டான். பிறகு வெயிலில் நடந்து போனான். அடி அண்ணாமலை அங்கிருந்து பக்கத்தில் இல்லை.

சந்தேகக்காரர்களுக்கு வெற்றி கிடைத்தாலும் நிம்மதி கிடையாது. திருடன் சரிசெய்த மிசினை எப்படி நம்புவது? மாலையில் வாசல் காலியானதும் அவள் உறையிலிருந்து கால்குலேட்டரை எடுத்து மறுபடி போட்டாள். பூஜ்யம் புள்ளி ஒன்பது இரண்டு ஏழு. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மத்தியானம் உறையில் போட்டு உள்ளே வைத்தது, அதன்பிறகு யாருக்கும் வாடகைக்குக்கூட விடவில்லை.

முதலில் பேட்டரியைச் சந்தேகித்தாள். பிறகு உத்தரத்தில் ஓடிய எலியை. பிறகு அன்வர் பாஷாவையே, கெட்டுப்போனதைத் தள்ளிவிட்டாரோ என்று. கடைசியில் பயந்துகொண்டே, பரசுராமன் செய்தபடி நகத்தால் சுவிட்சைத் தள்ளினாள். ஐம்பத்து மூன்று வந்தது. உறைக்குள் திணித்தாள். வாயை விரித்து எடுத்தாள். ஒன்பது இரண்டு ஏழு. மறுபடி தள்ளினாள், மறுபடி திணித்தாள். இந்தமுறை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே திணித்தாள். எலாஸ்டிக் மிசினின் முகத்தில் வழுக்கிக்கொண்டு போகிறது. போகிற வழியில் அந்தச் சின்னச் சுவிட்சை ஒரு படி இழுத்துக்கொண்டு போகிறது. மற்ற இரண்டு மிசின்களிலும் சுவிட்சு பள்ளத்துக்குள் இருப்பது. இது ஒன்றுக்குத்தான் எழும்பி இருக்கிறது. இதற்குத்தான் அவள் உறை தைத்தாள்.

சந்தேகப்பட ஆள் தேடி வீட்டையெல்லாம் சுற்றிவந்தவளுக்குத் தன் கை மட்டும்தான் மிஞ்சியது.

அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. அவன் முதல் கணக்கைத் தப்பாகப் போட்டதும் தன்னால்தான் என்பது மெல்ல உறைத்தது. வெட்கமாக இருந்தது அவளுக்கு. ஒரு திருடனைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் மத்தியானம் இரண்டு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிட்டது நினைவுக்கு வந்து இன்னும் வெட்கமாக இருந்தது. யாரிடமாவது சொல்லியனுப்பலாமா என்று பார்த்தாள். யாரை நம்பிக் கால்குலேட்டரையும் சைக்கிளையும் கொடுத்தனுப்புவது? அந்த நிலைமையிலும் அவள் புத்தி அப்படித்தான் போயிற்று.

விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் புர்காவை மாட்டிக்கொண்டு, கால்குலேட்டரைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு, சைக்கிளை நடையிலிருந்து இறக்கினாள். ஓட்டத் தெரியாது. தள்ளிக்கொண்டு போகவும் அதுவரை அவசியம் வந்ததில்லை. செங்கம் சாலையில் பெடல் அவள் கணுக்காலில் இடித்துக்கொண்டே வந்தது. கறுப்புப் புர்காவில் ஒருத்தி ஆம்பிளை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மலை சுற்றும் பாதையில் திரும்புவதைப் பார்த்து, கிரிவலம் போன ஆசாமி ஒருவர் ஒதுங்கி வழிவிட்டார். எதற்கு ஒதுங்குகிறார் என்று அவள் இரண்டு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

அடி அண்ணாமலைக் கோயிலுக்கு எதிரே காசியம்மாள் மோர்க் கடை போட்டிருந்தாள். குடத்தைத் தலையில் சுமந்து வந்து இறக்கிய அலுப்பு அவள் தோளில் தெரிந்தது. பின்னால் புளியமரத்தடியில் பரசுராமன் யாரிடமோ இரவல் வாங்கிய லாக் டேபிளை விரித்துவைத்துக்கொண்டு, ஒரு கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். தேர்வு பத்து மணிக்கு.

பீபி ஜான் சைக்கிளை நிறுத்திவிட்டு அவன் பக்கத்தில் போய், தாழ்ந்த குரலில் சொன்னாள்: "தம்பி, நீ கைவெக்கல. நான் தெச்ச உறைதான் சுவிட்சை இழுத்துடுது. உறையை உருவிப் போட்டுட்டேன். இந்தா, எடுத்துக்கினு போ. அடகு ஒண்ணும் வேணாம்."

பரசுராமன் எழுந்து நின்றான். கைக்குட்டையை வாங்கிக்கொண்டான். "போன கணக்கு போனதுதான் பாயம்மா" என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "இன்னைக்காவது சரியா எழுதறேன்."

காசியம்மாள் மத்தைக் குடத்தில் போட்டுவிட்டு வந்தாள். "எம்புள்ளையத் திருடன்னு சந்துல நின்னு கத்துனியாமே?"

"ஆமாம்மா."

"அதை ஊருக்கே கேக்கறாப்புல கத்துனே. இதை வந்து காதுல சொல்றே."

பீபி ஜான் சுற்றிலும் பார்த்தாள். டீக்கடை பெஞ்சில் நாலைந்து பேர், கோயில் வாசலில் பூக்கட்டுகிற பெண்கள், கிரிவலம் போகிறவர்கள். முகத்திரையைத் தூக்கித் தலைக்கு மேல் போட்டாள். "பரசுராமன் எதையும் தொடல!" என்றாள். டீக்கடை வரை அது எட்டவில்லை. மறுபடி, சந்தில் கத்தின அதே உரத்தில் சொன்னாள். "கெடுத்தது நான்! இந்தக் கைதான் கெடுத்துச்சு! சாயங்காலம் எங்க சந்துலயும் சொல்றேன், வந்து கேட்டுக்கங்க!"

டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுப் பார்த்தார். காசியம்மாள் மன்னித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நேராகச் சைக்கிளிடம் போனாள். முன்சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். மணியை அடித்தாள். சீட்டைப் பிடித்து ஆட்டினாள். குனிந்து, செயினை விரலால் தொட்டு, கேரியரில் மோர்க் குடம் கட்டுகிற கயிறு இருக்கிறதா என்று தடவினாள். ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு ஒருமுறை பீபி ஜானின் முகத்தையும் பார்த்தாள்.

பரசுராமனுக்குக் கூசிப்போயிற்று. "யம்மா, உடும்மா. அவங்க போயி எதையாவது கழட்டுவாங்களா?"

"நீ சும்மா இரு தம்பி" என்றாள் பீபி ஜான். "அவங்க பாக்கட்டும்."

சொல்லிவிட்டு ஸ்டாண்டைத் தட்டினாள். சைக்கிளை இரண்டு கையாலும் பிடித்து, மறுபக்கம் வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும்படி திருப்பி நிறுத்தி, காசியம்மாள் பார்த்து முடிக்கும் வரை ஹேண்டில்பாரை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.